அப்பாவின் 8 ஜிபி பிளேயருக்கு எந்த அளவில் சுருக்குவது? கேசட்டு, உறுமி, ஒற்றைக் காது

மூன்றாம்_லயம் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். விவரம் இல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பா இங்கே மலேசியத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய் செம்பனை வந்த பிறகு குலை வெட்டினார். இப்போது 66 வயது, ஓர் ஆலையில் இரவுக் காவல். கைப்பேசியில் பாட்டு கேட்கச் சொன்னால் அந்தத் திரை அவர் விரலுக்கு ஒத்து வரவில்லை. மண்வெட்டியும் கத்தியும் பிடித்துக் காய்த்த விரல். தொட்டால் திரை கேட்பதில்லை. அதனால் பொத்தான் வைத்த சின்ன பிளேயர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 8 ஜிபி, தனியாகக் கார்டு போட இடம் கிடையாது. கம்ப்யூட்டரில் சொருகினால் 7 ஜிபிக்குச் சற்று மேல் காலியிடம் காட்டுகிறது. எம்பி3, டபிள்யூஎம்ஏ, வேவ் மூன்று வகைதான் பாடும்.

வீட்டில் 90 கேசட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் 60 நிமிடம். பழைய பாட்டு, பக்திப் பாட்டு, வானொலியில் இருந்து பதிந்தவை. அதோடு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பதிந்த உறுமி மேளம் நான்கு கேசட்டு. நாங்கள் இருந்த லயமும் (தோட்டத்து வரிசை வீடுகள்) இல்லை, கோயிலையும் இடம் மாற்றிவிட்டார்கள். அந்த நான்கும்தான் அப்பாவுக்கு உயிர். இவை போக 40 சிடி.

கேசட்டைப் போட்டால் தானே எம்பி3 ஆக்கித் தரும் யூஎஸ்பி கருவி ஒன்றை இணையத்தில் வாங்கி 26 கேசட்டை மாற்றிவிட்டேன். எல்லாம் வினாடிக்கு 128 கிலோபிட். பழைய பாட்டுகள் பரவாயில்லை. உறுமி மட்டும் தகரத்தில் மணலைக் கொட்டுவது போல இருக்கிறது. அப்பா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இது நம்ம கோயில் மேளம் இல்லம்மா" என்று கழற்றி வைத்துவிட்டார்.

எந்த அளவில் சுருக்கினால் மேளம் மேளமாகக் கேட்கும், 90 கேசட்டும் உள்ளே அடங்கும்? இருக்கிற 26ஐயும் 320க்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

ஃபிளாக்_பிரியன் (கிள்ளான்)

சுருக்கவே வேண்டாம் என்பேன். ஃபிளாக் என்ற கோப்பு வகை 2001இல் இருந்து இலவசமாக இருக்கிறது, ஒரு பிட் கூடக் குறையாது. கார்டு போடும் பிளேயராக மாற்றிவிடுங்கள். திருவிழாப் பதிவு இனி ஒரு முறை நடக்காது. அதை எம்பி3யில் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஈப்போ_மைக்செட்

தங்கச்சி, தம்பி சொல்வதில் பாதி சரி. ஃபிளாக் வீட்டில் வைக்கவேண்டிய பிரதி. அப்பா சட்டைப் பையில் போகிறதற்கு வேறு கணக்கு.

கணக்கைப் பார்ப்போம். சிடி தரத்தில் ஒரு வினாடிக்கு 1411 கிலோபிட், ஒரு நிமிடத்துக்குப் பத்து எம்பிக்கு மேல். ஃபிளாக் அதைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைக்கும். ஒரு மணி நேரக் கேசட்டு 350 எம்பி சுற்றி வரும் என்று வையுங்கள், 90 கேசட்டுக்கு முப்பது ஜிபியைத் தாண்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் அது ஒன்றுமே இல்லை, 8 ஜிபி பிளேயரில் நடக்காது. உங்கள் பிளேயர் ஃபிளாக்கைத் தொடவும் தொடாது.

எம்பி3 என்றால் 128இல் ஒரு மணி நேரம் 58 எம்பி, 90 கேசட்டு 5.2 ஜிபி. 320இல் 144 எம்பி, மொத்தம் 13 ஜிபி. 128 அடங்குகிறது, ஆனால் மேளம் கெடுகிறது. 320 அடங்கவில்லை. நடுவில் எதைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

மேளம் ஏன் கெடுகிறது என்பதை நான் பார்த்த அளவில் சொல்கிறேன். 30 வருடமாகக் கோயிலுக்கு மைக் கட்டுகிறேன், எம்பி3 எங்கே தடுக்கி விழும் என்று காது சொல்லிவிடும். அது ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் சுருக்கும். ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லி வினாடி. நீங்கள் தம்புரா வாசித்தால் அந்த 26 மில்லி வினாடிக்குள் ஒன்றும் மாறப் போவதில்லை, அழகாகச் சுருங்கும். உறுமியில் அப்படி இல்லை. ஒரு பக்கம் வளைந்த குச்சியால் இழைக்கிறார்கள், அது தொடர்ந்து முனகுகிறது. மறுபக்கம் அடி விழுகிறது. அடி துண்டின் நடுவில் விழுந்தால், சுருக்கியதால் வரும் இரைச்சல் துண்டு முழுவதும் பரவி அடிக்கு முன்னாலேயே 'ஸ்ஸ்' என்று கேட்டுவிடும். அடியின் முனை மழுங்கிப் போகும். இதைத் தவிர்க்க நல்ல சுருக்கி அந்த இடத்தில் துண்டை மூன்றில் ஒரு பங்காகச் சிறிதாக்கும். அதற்குப் பிட் அதிகம் வேண்டும். ஒரு பாட்டில் எப்போதோ ஒரு அடி என்றால் சேமித்து வைத்ததை எடுத்துச் செலவழிக்கும். உறுமியில் வினாடிக்கு எத்தனை அடி! சேமிப்பே தங்காது. அதோடு ஜால்ரா சேர்ந்துவிட்டால் 128 மூச்சு விடமுடியாது.

அதனால் எல்லாக் கேசட்டுக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். எம்பி3 ஆக்கும் லேம் என்ற சுருக்கி நிரலில் வி என்று ஒரு தர அளவு இருக்கிறது. வி0 சராசரி 245 கிலோபிட், வி2 190, வி4 165, வி5 130 சுற்றி. தேவைப்படும் இடத்தில் அதிகம் எடுத்துக்கொள்ளும், தேவையில்லாத இடத்தில் விட்டுக்கொடுக்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் ஏற்றுமதி செய்யும்போது 'ஸ்டாண்டர்ட்' என்று வருவது இந்த வி2தான், 'எக்ஸ்ட்ரீம்' வி0.

பத்து_காஜா_தம்பி

அக்கா, 26ஐ 320க்கு மாற்றும் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்: வேண்டாம். 128இல் போனது போனதுதான். 320 ஆக்கினால் கோப்பு இரண்டரை மடங்கு பெரிதாகும், ஒலி ஒரு நூல் கூட மேலே வராது. இன்னொரு முறை சுருக்கியதால் வரும் சேதம்தான் கூடும். பிழிந்த தேங்காய்ச் சக்கையை இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிப் பிழிவது மாதிரி.

இன்னொன்று. 128 என்ற எண் மட்டும் தரத்தைச் சொல்வதில்லை, யார் சுருக்கியது என்பதும் முக்கியம். எம்பி3 தரம் 1993இல் வெளியானது. கோப்பைப் பிரித்துப் பாடும் முறையைத்தான் அது கட்டிப்போட்டது. எப்படிச் சுருக்குவது என்பதை எழுதுகிறவர் திறமைக்கு விட்டுவிட்டது. லேம் 1998இல் தொடங்கியது, எவ்வளவோ காதுச் சோதனைகளுக்குப் பிறகு தேறியது. உங்கள் யூஎஸ்பி கருவியில் இருக்கிற சின்ன சில்லு ஓடிக்கொண்டே அவசரமாகச் சுருக்குகிறது. அதனால் அந்த 128ஐ வைத்து எம்பி3யையே எடை போடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது ஓபஸ் என்ற சுருக்கும் முறை. 2012இல் வந்தது, பாதி இடத்தில் எம்பி3யை விட நன்றாக இருக்கும். உங்கள் பிளேயர் அதைப் பாடினால் இந்தப் பேச்சே தேவையில்லை. ஒரு கோப்பைப் போட்டுப் பார்த்தீர்களா?

மூன்றாம்_லயம் (சுங்கை சிப்புட்)

போட்டுப் பார்த்தேன் தம்பி. பட்டியலிலேயே வரவில்லை. அப்பா இந்த பிளேயரின் பொத்தான்களை இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டார், அதனால் பிளேயரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. எம்பி3தான்.

அப்படியென்றால் 26 கேசட்டையும் மறுபடி பதியவேண்டும். சரி, பதிகிறேன். பழைய கேசட்டு டெக் ஒன்று மாமா வீட்டில் இருக்கிறது. எப்படிப் பதிவது என்று சொல்லுங்கள்.

கெடா_ஒலிநாடா

வணக்கம் மகளே. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரில் இருந்து எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். நானூறு கேசட்டுக்கு மேல் மாற்றியிருக்கிறேன். அளவைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், நான் அதற்கு முந்திய வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே தப்பினால் எந்த அளவும் காப்பாற்றாது.

முதலில் டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சி நனைத்துத் துடையுங்கள். பழுப்பாக வரும். பழுப்பு வராமல் நிற்கும் வரை துடைக்கவேண்டும்.

அடுத்தது, கேட்கிற பலருக்கும் தெரியாதது. தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அது தலையின் சாய்வைச் சரிசெய்வதற்கு. தலையில் இருக்கும் மெல்லிய பிளவு, நாடா ஓடும் திசைக்கு நேர் செங்குத்தாக நிற்கவேண்டும். கேசட்டைப் பதிந்த கருவியில் அது எப்படிச் சாய்ந்திருந்ததோ, பாடுகிற கருவியிலும் அப்படியே இருந்தால்தான் கூரிய சத்தங்கள் வெளியே வரும். தோட்டத்தில் பதிந்த கேசட்டு என்றால் அந்த டேப் ரெக்கார்டரின் தலை எப்படி இருந்ததோ யாருக்குத் தெரியும். கேசட்டை ஓடவிட்டு, இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டே, அந்தத் திருகாணியை மிக மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்குள்தான் எல்லாம். ஓர் இடத்தில் ஜால்ரா சட்டென்று வெளிச்சமாகும். அதுதான் இடம். பழைய இடத்தை முதலிலேயே பேனாவால் குறித்து வையுங்கள், கடையில் வாங்கிய கேசட்டுகளுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

பிறகு பதிவு. டெக்கின் லைன் அவுட்டில் இருந்து கம்ப்யூட்டரின் லைன் இன். 44.1 கிலோஹெர்ட்ஸ். உச்ச ஒலி 0க்குக் கீழே 6 டெசிபல் அளவில் நிற்கட்டும். ஃபிளாக்கில் சேமியுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. உறுமி பதிந்தது எந்த டேப்பில்? ஒரு ஸ்பீக்கர் வைத்ததா, இரண்டா?

மூன்றாம்_லயம் (சுங்கை சிப்புட்)

ஒரு ஸ்பீக்கர் ஐயா. கையில் தூக்குகிற கைப்பிடி வைத்தது. சித்தப்பா அதைக் கோயில் திண்ணையில் வைத்துப் பதிந்தார் என்று அப்பா சொல்கிறார்.

கெடா_ஒலிநாடா

அப்படியானால் உங்கள் இடப் பிரச்சினையும் இங்கேயே தீர்ந்தது.

அது மோனோ பதிவு. மோனோ டேப்பின் தலை நாடாவில் இடது வலது இரண்டு தடத்தையும் சேர்த்து ஒரே கோடாக எழுதும். நீங்கள் அதை ஸ்டீரியோ டெக்கில் போடும்போது இரண்டு பக்கமும் ஒரே மேளம் வரும். ஆனால் நாடாவின் இரைச்சல் மட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறாக வரும், ஏனென்றால் இரைச்சல் தற்செயலானது. அதை ஸ்டீரியோ எம்பி3யாகச் சுருக்கினால், இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது பத்திரமாகப் பாதுகாக்கும். அந்த வித்தியாசம் என்ன? வெறும் இரைச்சல்! இரைச்சல்தான் சுருக்குவதற்கு மிகக் கடினமான ஒலி, அதில் திரும்ப வருவது எதுவும் இல்லை. உங்கள் 128இல் ஒரு பங்கு அந்த இரைச்சலைக் காப்பாற்றப் போயிற்று, மிச்சத்தில்தான் உறுமி மூச்சுத் திணறியது.

இரண்டு பக்கத்தையும் கூட்டி ஒன்றாக்குங்கள். மேளம் இரண்டும் ஒன்றாய் இருப்பதால் 6 டெசிபல் கூடும். இரைச்சல் ஒத்துப்போகாததால் 3 டெசிபல்தான் கூடும். மொத்தத்தில் இரைச்சல் 3 டெசிபல் இறங்கியது போல. ஒரு வடிகட்டியும் போடாமல் கிடைக்கிற சுத்தம் இது. கோப்பும் ஏறக்குறைய பாதியாகும்.

ஒரே எச்சரிக்கை, தலையின் சாய்வைச் சரிசெய்யாமல் கூட்டாதீர்கள். சாய்வு தவறாக இருந்தால் ஒரு பக்கம் மயிரிழை பின்தங்கி வரும், கூட்டும்போது ஜால்ராவின் ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். சரிசெய்ய முடியாத கேசட்டு என்றால் கூட்டவேண்டாம், நன்றாக இருக்கிற ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் நீக்கும் வசதி ஆடாசிட்டியில் இருக்கிறது, அதைப் பார்த்துக் கை வையுங்கள். 6 டெசிபலுக்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகும், பிறகு எம்பி3 ஆக்கும்போது இன்னும் மோசமாகும். நான் என் திருவிழாப் பதிவுகளில் அதைத் தொடுவதே இல்லை. கூட்டத்தின் சத்தம் அந்த இரைச்சலுக்குள்தான் இருக்கிறது.

ஃபிளாக்_பிரியன் (கிள்ளான்)

ஐயா சொன்ன மோனோ விளக்கத்தை ஏற்கிறேன், உறுமிக்கு அது சரி. ஆனால் சிடிகளையும் மோனோ ஆக்கச் சொல்லி யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். இசையமைத்தவர் வயலினை ஒரு பக்கமும் கிட்டாரை ஒரு பக்கமும் யோசித்துத்தான் வைத்தார். அதை ஒன்றாக்குவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

மூன்றாம்_லயம் (சுங்கை சிப்புட்)

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவார். காவல் வேலை, மற்ற காது வாசலுக்கு. லாரி வருகிற சத்தம் கேட்கவேண்டும், பன்றி வேலியை முட்டினால் கேட்கவேண்டும். போன வாரம் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இதில் வயலின் வருமே, எங்கே காணோம்?" என்றார். வயலின் மறுகாதுக்குப் போயிருக்கிறது. பிளேயரில் மோனோ ஆக்கும் வசதி தேடிப் பார்த்தேன், இல்லை.

ஃபிளாக்_பிரியன் (கிள்ளான்)

ஒற்றைக் காது என்றால் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பாதிப் பாட்டு கேட்பதை விட மோனோவில் முழுப் பாட்டு கேட்பது மேல். வீட்டில் ஃபிளாக் ஸ்டீரியோவாகவே இருக்கட்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஈப்போ_மைக்செட்

ஆமாம், ஒற்றைக் காதுக்கு எல்லாமே மோனோ. ஆடாசிட்டியில் எம்பி3 ஏற்றுமதி செய்யும் இடத்திலேயே மோனோ என்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதைச் சேர்த்துச் சுருக்கும் 'ஜாயின்ட் ஸ்டீரியோ' தரத்தைக் குறைக்கும் என்று யாராவது வந்து சொல்வார்கள், லேமில் அது பயப்படவேண்டிய விஷயம் இல்லை. மோனோவுக்கு எப்படியும் அது பொருந்தாது.

இப்போது உங்கள் கையில் இடம் நிறைய மிஞ்சும். மிஞ்சியதை உறுமிக்குக் கொடுங்கள். அந்த நான்கு கேசட்டு வி0, மற்றவை வி2. வானொலிப் பதிவுகளுக்கு வி4 போதும் என்று நினைக்கிறேன், ஆனால் என் காது சொல்வதை விட அப்பா காது சொல்வதுதான் கணக்கு. பெயரைச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாம்_லயம் (சுங்கை சிப்புட்)

பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னியுங்கள், வேலை முடிந்து ஈப்போவில் இருந்து வருவதற்கே இருட்டிவிடுகிறது.

டெக்கின் திருகாணியை ஐயா சொன்னபடி திருப்பினேன். ஒன்றும் மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை, அப்புறம் ஓர் இடத்தில் ஜால்ரா திடீரென்று அறைக்குள் வந்தது. அம்மா சமையல் கட்டில் இருந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு நாள் அந்தக் கேசட்டில் ஜால்ரா இருப்பதே எனக்குத் தெரியாது.

பிறகு சோதனை. உறுமிக் கேசட்டில் ஒரு நிமிடத் துண்டு, பழைய காதல் பாட்டு ஒன்று, வானொலி நாடகம் ஒன்று. ஒவ்வொன்றையும் மோனோவில் நான்கு விதமாகச் சுருக்கினேன்: நிலையான 64, வி4, வி2, வி0. என் கூடப்பிறந்த தம்பி பிளேயரை இயக்கினான், எது எது என்று எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஒவ்வொரு துண்டையும் அப்பா மூன்று தடவை கேட்டார்.

நாடகத்தில் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பாட்டில் 64ஐ மட்டும் "மங்கலாக இருக்கிறது" என்றார், மற்ற மூன்றும் ஒன்றுதான். உறுமியில் 64ஐ உடனே ஒதுக்கினார். வி4ஐ மூன்றில் இரண்டு தடவை கண்டுபிடித்தார். வி2, வி0 இரண்டையும் அவரால் பிரிக்க முடியவில்லை. என்னால் ஒரு இடத்தில் முடிந்தது, மேளம் வேகம் எடுத்து எல்லாரும் ஒன்றாக அடிக்கிற இடத்தில், அதுவும் கண்ணை மூடிக்கொண்டால்தான்.

அவர் காதைப் பற்றி ஒன்று. புல் வெட்டும் இயந்திரத்தோடு பல வருடம் இருந்தவர், கீச்சென்ற சத்தங்கள் அவருக்கு இப்போது கேட்பதில்லை. அதனால் உயரத்தில் வெட்டுப்பட்டதை அவர் கவனிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அது உண்மைதான், அதை அவர் கவனிக்கவில்லை. அவர் பிடித்தது அடியின் முனை மழுங்குவதை. "குச்சி தோலில் படுவது தெரியணும்" என்றார். அது உச்சத்தில் இருக்கிற சத்தம் இல்லை, நடுவில் இருப்பது. வயதானவருக்குக் குறைந்த தரம் போதும் என்று நினைத்துச் செய்திருந்தால் தப்பாகியிருக்கும்.

சுருக்கிய அளவு: பழைய பாட்டுகள் வி2 மோனோவில் சராசரி 90க்கும் 100க்கும் நடுவில் வருகின்றன. ஒரு கேசட்டு 45 எம்பிக்குள். உறுமி வி0 மோனோ 130ஐத் தொடுகிறது. ஐயா சொன்னதைச் சோதிக்க முதலில் அதை ஸ்டீரியோவாகவே விட்டு வி0 போட்டுப் பார்த்தேன், 260க்குப் போனது. அதில் பாதி வெறும் நாடா இரைச்சல். 90 கேசட்டும் சேர்ந்து ஏறக்குறைய 4 ஜிபி, 40 சிடி மோனோவில் ஒன்றரைக்குக் கீழே. எல்லாம் அடங்கிவிடும், இன்னும் ஒரு ஜிபிக்கு மேல் மிச்சம். வானொலிப் பதிவுகளையும் வி2விலேயே வைத்துவிட்டேன், இடம் இருக்கும்போது எதற்குக் குறைப்பது.

இப்போது வேறு மூன்று தொல்லை. பாட்டுகள் வரிசையாக வரவில்லை. ஒரு கேசட்டு கத்துகிறது, அடுத்தது முனகுகிறது. பாட்டின் பெயரைத் தமிழில் எழுதினால் திரையில் கட்டம் கட்டமாக வருகிறது. அப்பாவுக்கு ஆங்கில எழுத்து படிக்க வராது.

பத்து_காஜா_தம்பி

வரிசை: இந்த மாதிரி பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, நீங்கள் நகலெடுத்த வரிசையைத்தான் பார்க்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, கேசட்டுகளை 001, 002 என்று ஒவ்வொன்றாக வரிசையில் நகலெடுங்கள். இல்லை, ஃபேட்சார்ட் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, அது உள்ளே இருக்கிற அட்டவணையையே வரிசைப்படுத்தும்.

சத்தம்: எம்பி3கெயின் என்ற நிரல். மறுபடி சுருக்காமல், கோப்புக்குள் இருக்கிற ஒலி அளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளாக மாற்றும். தரம் குறையாது, வேண்டாமென்றால் பழையபடி ஆக்கலாம். பாட்டுக்குப் பாட்டு சமன் செய்யாதீர்கள், கேசட்டுக்குக் கேசட்டு செய்யுங்கள். மேளம் மெதுவாகத் தொடங்கி ஏறுவது அப்படியே இருக்கவேண்டும்.

தமிழ் எழுத்து: பிளேயருக்குள் தமிழ் எழுத்துருவே இருக்காது. குறிப்பை எந்த முறையில் எழுதினாலும் கட்டம்தான் வரும். இதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை அக்கா.

ஈப்போ_மைக்செட்

எழுத்து வேண்டாம், குரலில் சொல்லுங்கள். கோயிலில் கண் தெரியாத ஒரு பெரியவருக்குப் பாட்டுப் பெட்டி செய்து கொடுத்தபோது அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஐந்து வினாடிக் கோப்பு ஒன்று. "பன்னிரண்டாவது கேசட்டு, முருகன் பாட்டு, முதல் பக்கம்." பொத்தானை அமுக்கிக்கொண்டே போனால் காதே தேடிக்கொடுத்துவிடும். இருட்டில் வேலை செய்கிறவருக்குத் திரையை விட அதுதான் நல்லது.

மூன்றாம்_லயம் (சுங்கை சிப்புட்)

அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்லை. இன்றிரவே தொடங்குகிறேன்.

மூன்றாம்_லயம் (சுங்கை சிப்புட்)

முடிந்தது. 90 கேசட்டில் 87 மாறிவிட்டது, மூன்று அறுந்து கிடக்கிறது, ஒட்டவேண்டும். குரல் அம்மாவுடையது. நான் சொன்னால் அப்பாவுக்குப் பழைய கேசட்டு அடையாளம் தெரியாது, அம்மாதான் "ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குன கேசட்டு" என்று சொல்கிறார். அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன்.

பிளேயருக்குப் போனது வி2 மோனோ, உறுமி நான்கும் வி0 மோனோ. வீட்டில் ஃபிளாக், பதிந்தபடியே இரண்டு பக்கமும், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று என்னிடம், ஒன்று மாமா வீட்டில். யூஎஸ்பி கருவி செய்த 26 கோப்பையும் அழித்தேன்.

அப்பா ஒரு வாரமாக வேலைக்குக் கொண்டுபோகிறார். உறுமியின் மூன்றாவது கேசட்டில் முதல் பக்கம், மேளம் உச்சத்துக்குப் போகும்போது நாடா தீர்ந்து ஒலி சட்டென்று அறுந்துவிடும். அந்த இடத்தில் ஒலியை மெல்ல இறக்கி முடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த இடத்தில்தான் சித்தப்பா கேசட்டைத் திருப்பிப் போட ஓடினாராம்.

விட்டுப்போன ஒன்று. 90இல் எண்ணாத ஒரு கேசட்டு பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிற பெரியம்மா வீட்டில் இருப்பதாக நேற்று சொன்னார். அதே திருவிழா, சாமி ஊர்வலம் கிளம்புகிற நேரம். போய் வாங்கி வந்தேன். திறந்து பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

கெடா_ஒலிநாடா

போடாதீர்கள் மகளே! அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு வருவதுதான். போட்டால் டெக்கின் தலைக்கு ஏறி மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும், நாடா ஒட்டிக்கொண்டு கிழியவும் கூடும். உலர்ந்த டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு தனியாக மூடி வையுங்கள். சுத்தம் செய்ய நாடாவைத் துணியில் மெதுவாக ஓடவிடவேண்டும், அதற்கென்று ஒதுக்கிய பழைய டெக்கில். வீட்டுக்குள் செய்யாதீர்கள், முகமூடி போட்டுக்கொண்டு செய்யவேண்டிய வேலை. பக்கத்தில் அனுபவம் உள்ளவர் இருந்தால் நல்லது.

ஈப்போ_மைக்செட்

என்னிடம் அதற்கென்றே ஒரு டெக் கொட்டகையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிப்புட் பக்கம் ஒரு கோயிலுக்கு மைக் கட்ட வருகிறேன், பதினொரு மணிக்குள் வேலை முடிந்துவிடும். டெக்கை லாரியில் எடுத்து வருகிறேன் தங்கச்சி. கேசட்டைத் திறக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், அப்பாவையும் கூட்டி வாருங்கள்.